பழங்கற்படியும் பழம்பொறியும்

தில்லி மாநகரில் அயல்நாட்டுத் தூதரகங்கள் அகன்ற சாலைகளின் இருமருங்கும் அணிவகுத்து நிற்கும் சாணக்யபுரியில், சாந்தி பாதையை ஒட்டி, தேசிய ரயில் அருங்காட்சியகம் அமைந்திருக்கிறது. 1971ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் அப்போதைய குடியரசுத் தலைவர் வி. வி. கிரி அடிக்கல் நாட்ட, 1977ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வருகிறவர்களே மிகுதி. அவர்கள் குட்டி ரயிலில் ஒரு சுற்றுப் போய்வந்து, நீராவி எஞ்சின்களின் முன்னே நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு, நிறைந்த மனத்தோடு வீடு திரும்புகிறார்கள். ஆனால் பழைய யந்திரங்களைப் பற்றிச் சிறிதேனும் சிந்தித்திருப்பவர் எவரும் அங்கே ஒரு பொருளின் முன் நெடுநேரம் நின்றுவிடுவார். அது பாட்டியாலா சமஸ்தானத்தின் ஒற்றைத் தண்டவாள ரயில்.

மகாராஜா பூபிந்தர் சிங்கின் காலத்தில், 1907ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய அந்த ரயில், எவிங் என்பவரின் பெயரால் வழங்கும் முறையில் அமைந்தது. வண்டியின் சுமையில் ஏறக்குறைய முழுவதையும் சாலையோரமாகப் பதித்த ஒரே ஒரு தண்டவாளம் தாங்கிக்கொள்ள, எஞ்சிய சிறு பங்கைப் பக்கவாட்டில் நீண்டு சாலையின்மேல் உருளும் பெரிய சக்கரமொன்று தாங்கி, வண்டி சாயாமல் காப்பது அதன் லட்சணம். முதலில் கோவேறு கழுதைகளும், பின்னர் பெர்லின் நகரத்து ஓரன்ஸ்டைன் கொப்பெல் நிறுவனம் செய்தனுப்பிய நீராவி எஞ்சின்களும் அதை இழுத்தன. நல்ல சாலைகளும் மோட்டார் வண்டிகளும் பெருகவே, 1927இல் அது நின்றுபோயிற்று. முப்பத்தைந்து ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த பிறகு, 1962இல், பாட்டியாலாப் பொதுப்பணித் துறையின் கொட்டகை ஒன்றில் மைக் சாட்டோ என்னும் ஆங்கிலேய ரயில் ஆர்வலர் அதன் எச்சங்களைக் கண்டெடுத்தார். பிற்காலத்தில் இந்த அருங்காட்சியகம் உருவாகப் பெரிதும் துணைநின்றவரும் அவரே. வடக்கு ரயில்வேயின் அமிர்தசரஸ் பணிமனை ஓர் எஞ்சினை மறுபடி ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தது; அத்துடன், பழைய அடிச்சட்டம் ஒன்றின்மேல், தலைமைப் பொறியாளர் தணிக்கைக்குச் சென்றுவந்த பெட்டியையும் புதிதாகக் கட்டியது.

ஆராயத் தகுந்த விஷயம் இங்கேதான் தொடங்குகிறது. எஞ்சினின் உடல் அக்காலத்தது. அதன் ஓட்டம் மீட்கப்பட்டது. பெட்டியின் அடி பழையது. அதன் மேற்கட்டு புதியது. இரண்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டு ஓடும்போது, பார்ப்பவர் காண்பது 1907ஐயா, 1962க்குப் பிந்திய அமிர்தசரஸையா? ஓடிய பொறிகள் அனைத்தையும் இந்தக் கேள்வி தொடர்கிறது. மாட்சிமை மிக்க நீராவி எஞ்சினுக்கும் அது உண்டு, காசு போட்டால் ஆடும் பொம்மைப் பெட்டிக்கும் உண்டு. ஓவியமும் சிற்பமும் அசையாமல் இருந்தே தம்மைக் காத்துக்கொள்கின்றன. பொறியோ அசைவதற்கென்றே பிறந்தது. அசையும்தோறும் தேய்வதும், தேய்ந்த உறுப்பை மாற்றினாலன்றி மேலும் அசையாததும் அதன் இயல்பு.

கல்லில் எழுதிய நேர்மை

இந்தக் கேள்விக்கு விடை தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. காவிரிக் கரையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு ஒரு நெறி வகுக்கப்பட்டுவிட்டது. கண்டராதித்த சோழரின் தேவியாரான செம்பியன் மாதேவியார் செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றிய காலத்தில், திருக்கோடிகாவலில், பழைய கோயிலில் சிதறிக் கிடந்த கல்வெட்டுகளைப் படித்துப் புதிய சுவரில் மறுபடி பொறிக்கச் செய்தார். பல்லவர் காலத்தும் முற்சோழர் காலத்தும் சாசனங்கள் அவ்வாறு பத்தாம் நூற்றாண்டின் எழுத்தில் மறுபிறவி எடுத்தன. அவற்றைப் பொறித்தவர்கள் அவை பழையவையே என்று காட்டிக்கொள்ள முயலவில்லை. இது ஒரு பழங்கற்படி என்று அங்கேயே எழுதிவைத்தார்கள். படி என்றால் நகல். பழைய கல்லின் நகல் இது என்று அந்தக் கல்லே சொல்லிவிடுகிறது. திருமழபாடியிலும் முதலாம் இராஜராஜன் ஸ்ரீவிமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்டபோது, அதிலிருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் செய்ததும், இராஜேந்திரன் காலத்தில் அவை மீண்டும் கல்லில் ஏறியதும் சாசனங்களாலேயே தெரியவருகின்றன.

பிரிப்பதற்கு முன் எழுதிக்கொள்வது, புதிதாகச் செய்ததைப் புதிதென்று அந்தப் பொருளின்மேலேயே சொல்வது, முடிந்தவரை பழையதன் வாசகம் கெடாமல் காப்பது ஆகிய இம்மூன்றும் ஜீர்ணோத்தாரணத்தின், அதாவது பழுதுற்றதைப் புதுப்பிக்கும் பணியின், உயிர்நாடி. 1964ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் கூடிய கட்டடக்கலை வல்லுநர்கள் வெளியிட்ட சாசனமும், புதிதாகச் சேர்க்கும் பகுதி முழுமையோடு இயைய வேண்டும், ஆயினும் பழையதிலிருந்து வேறுபடுத்தி அறியக்கூடியதாக இருக்க வேண்டும் என்றே வற்புறுத்துகிறது. பொறியை மீட்பவனுக்கும் உண்மை அறிய விரும்புகிறவனுக்கும் இதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பொறி என்ற சொல்

தமிழில் பொறி என்னும் சொல் யந்திரத்தையும் குறிக்கும், புலனையும் குறிக்கும், எழுத்தைச் செதுக்குவதையும் குறிக்கும். சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டையின் மதிலில் அமைந்த பொறிகளை வரிசைப்படுத்துகிறது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் தேவி விசயைக்காகச் செய்வித்த மயிற்பொறி, அவளைச் சுமந்து வானிற் பறந்து, இறுதியில் சுடுகாட்டில் இறங்குகிறது. பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடிக்க ஏவப்பட்ட யந்திர யானை இவற்றுள் மிகவும் கருதத்தக்கது. யானையின் இயல்பெல்லாம் அறிந்து, யாழிசையால் மதயானையையும் அடக்க வல்ல அவனே அந்தப் பொய் யானையை மெய் என்று நம்பி ஏமாந்தான் என்றால், தானியங்கிப் பொம்மையின் கலை எத்தகையது என்பது விளங்கும். உயிரற்றதை உயிருள்ளதாகக் காட்டுவதே அதன் தொழில்.

வடமொழி நூல்களிலும் இவ்விஷயம் விரிவாகப் பேசப்படுகிறது. போஜராஜனின் பெயரால் வழங்கும் சமராங்கண சூத்திரதாரம், யந்திரங்களுக்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியிருக்கிறது. இத்தகைய சான்றுகளையெல்லாம் திரட்டி, பண்டை இந்தியாவின் யந்திரங்களைப் பற்றி 1952இல் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டவர், திருவாரூரில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் வடமொழிப் பேராசிரியராக விளங்கிய டாக்டர் வே. ராகவன் ஆவார். கவிஞரின் கற்பனை எது, கம்மியன் செய்யக்கூடியது எது என்று நிதானமாகப் பிரித்து நோக்கும் அத்தகைய ஆராய்ச்சியே பொறிகளைப் பற்றிப் பேசுவோர் கைக்கொள்ள வேண்டிய முறை.

பொறி செய்தவன் கண்ணை ஏமாற்றலாம்; அது அவனுடைய கலை. பொறியை மீட்பவன் காலத்தை ஏமாற்றலாகாது. அது அவனுடைய தர்மம்.

காசு என்னும் சாட்சி

காசு போட்டால் இயங்கும் பொறியின் வரலாறு நாம் எண்ணுவதைவிடப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன், கோயில் வாசலில் தீர்த்தம் வழங்கும் பாத்திரம் ஒன்றை வருணித்திருக்கிறார். மேலே போட்ட காசு ஒரு நெம்புகோலின் நுனியில் விழும். அதன் கனத்தால் நுனி தாழ, மறுநுனி மேலெழுந்து அடைப்பைத் திறக்கும். காசு சரிந்து விழுந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதே தத்துவம் இங்கிலாந்தின் கடற்கரைக் கேளிக்கைக் கூடங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் புகுந்தது. லீட்ஸ் நகரத்து ஜான் டென்னிசனும் அவர் குடும்பத்தாரும் செய்த, ஒரு பென்னி போட்டால் சிறு உருவங்கள் ஒரு நாடகத்தையே நடித்துக்காட்டும் பெட்டிகள், பிளாக்பூல் கோபுரத்தில் பல்லாண்டு மக்களை மகிழ்வித்தன.

நம் நாட்டில் காசுப் பொறி என்றவுடன் எவருக்கும் நினைவுக்கு வருவது ரயில் நிலைய மேடையில் நின்ற எடை பார்க்கும் யந்திரமே. நிறம் மாறி மின்னும் விளக்குகளும், சுழலும் வட்டத்தகடும், காசு விழுந்தபின் உள்ளே எழும் கரகரப்பும், பின்னர் கையில் வந்து விழும் கெட்டி அட்டையும், அதன் ஒரு பக்கத்தில் எடையும், மறுபக்கத்தில் நடிகர் படமோ ஜோதிட வாசகமோ இருப்பதும் இரண்டு தலைமுறையினரின் பொதுச் சொத்து. ரயில் தாமதமாக வந்த நாள்களில் அந்த அட்டைக்காகத் தந்தையிடம் காசு கேட்டு நிற்காத பிள்ளை அரிது.

இத்தகைய யந்திரம் ஒன்று இன்று பழம்பொருள் கடையில் விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வயதையும் உண்மையையும் நிர்ணயிக்கும் முதல் சாட்சி, விற்பவரின் வாய்மொழி அன்று. காசு போடும் துவாரம். நம் நாணயங்களின் வரலாறு அதற்குள் எழுதப்பட்டிருக்கிறது. பன்னிரண்டு வளைவுகள் கொண்ட விளிம்புடைய ஓரணாக் காசு சுமார் 21 மில்லிமீட்டர் விட்டமும் 3.9 கிராம் எடையும் உடையது. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தசாம்ச நாணயம் நடைமுறைக்கு வந்தபோது பிறந்த பத்து நயா பைசாவோ, எட்டு வளைவுகளும் 23 மில்லிமீட்டர் விட்டமும் ஐந்து கிராம் எடையும் கொண்டது. 1964இல் ‘நயா’ என்ற அடைமொழி நீங்கிற்று. 1971இல் பத்துப் பைசா அலுமினியமாக மாறியபோது விட்டம் ஏறத்தாழ 26 மில்லிமீட்டராகப் பெருகி, எடையோ பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரு ரூபாய்க் காசும் 1975இல் எட்டு கிராம், 1983இல் ஆறு கிராம், 1992இல் ஐந்துக்கும் குறைவு என்று இளைத்துக்கொண்டே வந்தது. காசின் கனத்தால் நெம்பப்பட்டு இயங்கும் பொறிக்கு இம்மாற்றங்கள் ஒவ்வொன்றும் ஓர் அறுவைச் சிகிச்சை. துவாரத்தை அகலப்படுத்திய அரத்தின் தடம், காசு உருளும் பாதையில் வைத்துத் தைத்த புதுத் தகடு, நெம்புகோலின் எதிர்ப்பாரத்திலிருந்து துளையிட்டுக் குறைத்த ஈயம் ஆகியவை அந்தச் சிகிச்சைகளின் தழும்புகள்.

இரண்டாவது சாட்சி, எடையின் அலகு. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாக மெட்ரிக் எடைகள் நாடெங்கும் பரவின. ஆகவே அணாத் துவாரமும் பவுண்டு எண்களும் ஒன்றாக இருந்தால் அவை ஒத்துப்போகின்றன. நயா பைசாத் துவாரத்துடன் பவுண்டு எண்கள் இருந்தால், அவ்யந்திரம் அந்த மாறுதல் காலத்தின் அருமையான சாட்சியாக இருக்கலாம். அணாத் துவாரத்துடன் கிலோகிராம் எண்கள் காணப்பட்டால் மட்டும் சற்று நிதானிக்க வேண்டும்: எண்தகடு மாற்றப்பட்டதா, அல்லது பழமைத் தோற்றத்துக்காக வேறொரு பெட்டியின் முகப்பு இதில் பொருத்தப்பட்டதா என்று விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது சாட்சி, திருகாணி. 1841இல் ஆங்கிலேயப் பொறியாளர் விட்வொர்த் வகுத்த மரையின் கோணம் 55 பாகை. இன்றைய மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. தலையில் குறுக்குக் கீறல் கொண்ட பிலிப்ஸ் திருகாணி 1930களுக்கு முன் இல்லை. நான்காவது சாட்சி வர்ணம். நுண்ணோக்கியின் கீழ் ஒரு சிறு செதிலின் குறுக்குவெட்டைப் பார்த்தால், மரத்தின் வளையங்களைப் போல அடுக்கடுக்காகப் பூச்சுகள் தெரியும். அவற்றின் அடித்தளத்திலேயே, இருபதாம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்த டைட்டானியம் வெள்ளை காணப்பட்டால், அந்தப் பொருள் பத்தொன்பதாம் நூற்றாண்டினது என்ற கூற்று நிற்காது. ஐந்தாவது சாட்சி மின்கம்பி: ரப்பரும் துணியும் சுற்றியதா, பிற்காலத்துப் பிளாஸ்டிக் உறையிட்டதா என்பது உள்ளே எட்டிப் பார்த்தவுடனே விளங்கும்.

எல்லாவற்றிலும் சிறந்த சாட்சி தேய்மானமே. பொய் செய்பவன் துருவை உண்டாக்கலாம், வர்ணத்தை மங்கவைக்கலாம். ஆனால் இரண்டு பற்சக்கரங்கள் அறுபது ஆண்டுகள் ஒன்றையொன்று உராய்ந்து, ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தோடு பொருந்தும்படி தேய்ந்திருக்கும் அந்தத் தாம்பத்தியத்தை அவனால் எளிதில் நடிக்க முடியாது. ஒரு சக்கரம் தேய்ந்திருக்க, அதனோடு இணைந்தது கூர்மை மாறாமல் இருந்தால், அவ்விரண்டில் ஒன்று பின்னால் வந்தது என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம். பின்னால் வந்தது என்பதனாலேயே அது பொய் ஆகிவிடாது. பின்னால் வந்ததை முன்னரே இருந்ததாகச் சொல்வதுதான் பொய்.

ஓட்டுவதா, நிறுத்துவதா?

சாணக்யபுரி அருங்காட்சியகத்தின் பெருமைகளுள் தலையாயதாக விளங்கியது ‘ஃபேரி குவீன்’ என்னும் எஞ்சின். 1855இல், பின்னாளில் டென்னிசன் பொம்மைகள் செய்த அதே லீட்ஸ் நகரில், கிட்சன், தாம்சன், ஹியூவிட்சன் நிறுவனத்தாரால் செய்யப்பட்டு, கிழக்கிந்திய ரயில்வேயில் ஓடி, 1909இல் ஓய்வுபெற்றது. 88 ஆண்டுகளுக்குப் பின்னர், 1997இல், அது தில்லிக்கும் ஆல்வாருக்கும் இடையே பயணிகளோடு மறுபடி ஓடிற்று. அதற்கு மறுவருடமே, தொடர்ந்து இயங்கும் நீராவி எஞ்சின்களுள் உலகிலேயே பழமையானது என்று கின்னஸ் நூலார் சான்று வழங்கினர். அதற்கு உயிர் கொடுத்தது சென்னைப் பெரம்பூர் பணிமனை. 2011இல் அதன் உறுப்புகள் பல களவுபோனபோது, மறுபடியும் பெரம்பூருக்கே அது அனுப்பப்பட்டது. அதன் உடன்பிறப்பான ‘எக்ஸ்பிரஸ்’ என்னும் எஞ்சினும், ஒரு நூற்றாண்டுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்ற பிறகு, 2010இல் அதே பணிமனையில் மீட்கப்பட்டுச் சென்னையில் ஓடியது. பழைய வரைபடம் கைக்கு எட்டாதபோது உறுப்பைப் பார்த்து உறுப்பை வார்த்தெடுக்கும் பயிற்சி, தலைமுறை தலைமுறையாக வடசென்னைத் தொழிலாளிகளின் கைகளில் தங்கியிருக்கிறது. அதுவும் ஒரு தேசியச் செல்வமே.

ஓடுவது நன்று என்பதற்கு இவை சான்று. ஓட்டம் தேய்க்கும் என்பதற்குச் சான்று லண்டனில் இருக்கிறது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கைப்பற்றப்பட்ட திப்பு சுல்தானின் மரப்புலி, கைப்பிடியைச் சுழற்றினால் உறுமும். அதன் கீழே கிடக்கும் வெள்ளைக்காரப் பொம்மை கையை அசைத்து ஓலமிடும். புலியின் விலாவுக்குள் ஓர் ஆர்கனும் உண்டு. 1808 முதல் கிழக்கிந்தியக் கம்பெனி மாளிகையில் வைக்கப்பட்ட அந்தப் பொறியை, வந்தவரெல்லாம் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார்கள். நாளடைவில் கைப்பிடியே காணாமற்போயிற்று. இரண்டாம் உலகப்போரில் குண்டு வீழ்ந்து கூரை சரிந்ததால் நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறிய அது, பின்னர் பொறுமையோடு ஒட்டவைக்கப்பட்டு, இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. மைசூர்ப் புலியின் உறுமல் எது, பின்வந்தோர் பழுதுபார்த்ததனால் எழுவது எது என்று இப்போது பிரித்தறிய ஆராய்ச்சியாளர் பெரிதும் பாடுபட வேண்டியிருக்கிறது. முதலில் கைவைத்தவர் எழுதிவைத்திருந்தால் இப்பாடு இல்லை.

இவ்விரு நிலைகளுக்கும் நடுவே ஒரு நேர்வழி உண்டு. அதைக் காட்டியது பொன்மலை. நீலகிரி மலை ரயிலுக்கு ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்ட பல்சக்கர எஞ்சின்கள் முதுமையடைந்தபோது, திருச்சி பொன்மலைப் பணிமனையார் அதே இனத்துப் புதிய எஞ்சின்களைச் செய்து மலையேற்றினர். அவை புதியவை என்பதை யாரும் மறைக்கவில்லை. பழையனவற்றின் பாரம் குறைந்தது. மலை ரயிலின் ஓட்டமும் நிற்கவில்லை. காட்சிக்கூடங்களிலும் இதையே செய்யலாம்: மூலப்பொறி ஆண்டுக்குச் சில நாள் மட்டும் இயங்கட்டும், குழந்தைகள் நாள்தோறும் காசு போட்டு மகிழ, அதன் மாதிரி ஒன்று பக்கத்திலேயே, மாதிரி என்ற பலகையோடு நிற்கட்டும்.

நம் கடமை

மீட்புப் பணியில் இறங்குகிறவர் கடைப்பிடிக்க வேண்டியவை சிலவே. திருமழபாடியில் செய்ததுபோல, ஒரு திருகாணியைத் தொடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் எழுதியும் படமெடுத்தும் வைக்க வேண்டும். திருக்கோடிகாவலில் செய்ததுபோல, புதிதாகச் செய்த ஒவ்வோர் உறுப்பிலும், வெளியே தெரியாத இடத்தில், செய்த ஆண்டையும் செய்த பணிமனையின் அடையாளத்தையும் பொறிக்க வேண்டும். கழற்றிய உறுப்பை எறியாமல் பெயரெழுதிப் பாதுகாக்க வேண்டும். பிற்காலத்துக் காசுக்காக அகலப்படுத்திய துவாரத்தைப் பழைய அளவுக்குக் குறுக்கி அழகுபார்ப்பது கூடாது. அந்த அகலமும் சரித்திரமே. தில்லி ரயில் அருங்காட்சியகத்திலேயே இருக்கும் ‘ராம்கோட்டி’ என்னும் 1862ஆம் ஆண்டுப் பிரெஞ்சு எஞ்சின், நான்கடி அகலப் பாதைக்கென்று பிறந்து பின்னர் அகல ரயில் பாதைக்கு மாற்றப்பட்டது. அதை மறுபடி நான்கடிக்குக் குறுக்க வேண்டுமென்று எவரும் கேட்பதில்லை. ஒரு யந்திரத்தின் வாழ்க்கை அது பிறந்த நாளோடு முடிந்துவிடுவதில்லை.

எஞ்சின்களுக்கு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன, காவலர் இருக்கின்றனர். ரயில் மேடைகளிலிருந்து மறைந்துவரும் எடை யந்திரங்களும், திருவிழாக் கடைகளில் சாவி கொடுத்து ஆடவைத்த பொம்மைகளும், பள்ளிக் கண்காட்சிக்கென்று ஊர்க் கம்மியர் செய்துகொடுத்த இயங்கும் மாதிரிகளும் பழைய இரும்பாக எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே: உங்கள் ஊரிலோ உறவினர் வீட்டுப் பரணிலோ அத்தகைய பொறி ஒன்று கிடந்தால், அதற்குப் புது வர்ணம் பூசுவதற்கு முன் ஒரு புகைப்படம் எடுத்துவையுங்கள், அதை இயக்கியவர் உயிரோடிருந்தால் அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், கழன்று விழுந்த திருகாணிகளை ஒரு டப்பாவில் போட்டு, தேதி எழுதிய சீட்டோடு பொறியின் பக்கத்திலேயே வையுங்கள். பின்னால் வரும் ஆராய்ச்சியாளனுக்கு அந்தச் சீட்டே பழங்கற்படி.